பந்தய வீரரின் தொழில்: சோழவரம் முதல் கோலார் வரை

கோலார் தங்கவயல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சுரங்கம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழில் தொடங்கியது முதல், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுக் காலம் அவ்வூரின் வாழ்வு நிலத்துக்கு அடியிலேயே நடைபெற்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையைப் பிளந்தனர். கொடிய தொழில் அது. வெப்பமும் தூசியும் பாறை வெடிப்பும் எத்தனையோ உயிர்களைக் குடித்தன. ஆயினும் அத்தொழிலுக்கு ஒரு படிவரிசை இருந்தது. கூலியாகச் சேர்ந்தவன் நாளடைவில் துளைக்கருவியைக் கையாளக் கற்றான். பின்னர் சிலருக்கு மேஸ்திரியானான். அடுத்த படி எது, அதற்கு எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்று அவ்வூர் மக்களுள் பலர் விடியுமுன் மாரிகுப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஆனால் அதே கோலார் மாவட்டத்தின் கரட்டு நிலத்திற்குப் பெங்களூரிலிருந்து எதிர்த்திசையில் வருவோரும் உளர். அவர்கள் வருவது மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்பதற்கு. சாலையில் ஓட்டுவதற்கன்று; மண்மேட்டிலும் மணலிலும் பாறையிலும் ஓட்டுவதற்கு. ‘பிக் ராக்’, அதாவது பெரும்பாறை என்று பெயர் கொண்ட அக்களத்தை அமைத்தவர் சி. எஸ். சந்தோஷ் என்னும் பெங்களூர் வீரர். உலகின் மிகக் கடுமையான மோட்டார் பந்தயம் எனப்படும் டாக்கார் ராலியில் முதன்முதல் கலந்துகொண்டு, அதனை முழுமையாக ஓடியும் முடித்த இந்தியர் அவரே.

சுரங்கத் தொழிலாளிக்கு இருந்த படிவரிசை பந்தய வீரருக்கு நம் நாட்டில் இருந்ததா என்பது கேட்கத்தக்க கேள்வி. நெடுங்காலம் இல்லை என்பதே அதற்கு விடை. திறமை இருந்தது, துணிவும் இருந்தது. முதற் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. அந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று, அதனை எவர் எவர் எவ்வாறு தாண்டினர் என்பதைச் சிறிது காண்போம்.

தென்னாட்டில் மோட்டார் பந்தயத்தின் கதை சோழவரத்தில் தொடங்குகிறது என்று கூறுவது பெரிதும் பொருந்தும். சென்னைக்கு வடக்கே, பெருவடக்கு நெடுஞ்சாலையை அடுத்து, இரண்டாம் உலகப் போரின்போது ஒரு விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அங்கு விமானங்களுக்கு வேலையில்லை. 1950-களில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தைப் பந்தயத் திடலாக்கியது. ஆங்கில ‘டி’ எழுத்தைப் போன்ற வடிவம். மிக நீண்ட நேர்ப்பாதை. அதன் முடிவிலே வந்த வழியே திரும்பவேண்டிய கூரிய வளைவு. வளைவுகளைக் குறிக்க வைக்கோற் கட்டுகளும் பீப்பாய்களும் வைக்கப்பட்டன. வேகத்தின் எல்லையில் வந்து, வண்டியைத் தக்க தருணத்தில் அடக்கித் திருப்பத் தெரிந்தவனே அங்கு வென்றான். பந்தய நாட்களில் சென்னையிலிருந்து மட்டுமன்றி, பெங்களூர், கோயம்புத்தூர், கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களிலிருந்தும் வீரர்களும் காண்போரும் திரண்டனர்.

அங்கே ஓடிய வண்டிகள் யாவை? வெளிநாட்டு மோட்டார் சைக்கிள்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம் அது. 1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வண்டிகள் உருவாயின. 1960-களின் தொடக்கத்தில் மைசூரிலிருந்து ஜாவா வண்டிகள் வெளிவரத் தொடங்கின. இவற்றோடு, போருக்கு முன்னும் பின்னும் இங்கு வந்து தங்கிவிட்ட பழைய ஆங்கில வண்டிகள் சில. நாள்தோறும் ஏறிச் செல்லும் வண்டியையே விளக்கைக் கழற்றி, மட்கார்டை நீக்கி, சைலன்சரை மாற்றி ஓட்டியவர்கள் பலர். கார்புரேட்டரின் துளையைச் சற்றே பெரிதாக்குவதும், சிலிண்டர் தலையைத் தேய்த்து அழுத்தத்தைக் கூட்டுவதும் அவர்களே கற்றுக்கொண்ட கலைகள். நம் ஊர்களில் தலைசிறந்த மெக்கானிக்குகள் சிலர் இப்பந்தயங்களின் கொட்டகையிலேயே உருவாயினர் என்று கூறினால் மிகையாகாது.

ஆனால் அவர்களுள் எவரும் பந்தயத்தால் பிழைக்கவில்லை. வென்றவர்க்குக் கோப்பை கிடைத்தது, கைத்தட்டல் கிடைத்தது, மறுநாள் செய்தித்தாளில் பெயர் வந்தது. கோப்பையை விற்றால் ஒரு டயர்கூட வாங்க இயலாது! ஆகவே பந்தயம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவோ, ஒர்க்ஷாப் வைத்திருப்போரின் ஆசையாகவோதான் இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருவரும் தத்தம் பிழைப்புக்குத் திரும்பினர். காலை ஒடித்துக்கொண்டவர் தம் செலவிலேயே மருத்துவம் செய்துகொண்டார். சோழவரத்தின் புகழைப் பாடுவோர் இதனைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

‘தொழில்’ என்ற சொல் இத்துறைக்குள் நுழைந்தது கம்பெனிகளின் வழியாகத்தான். கோலாரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத ஓசூரில் சிறு மொபெட்டுகளைச் செய்துவந்த டி.வி.எஸ். நிறுவனம், 1982-ஆம் ஆண்டு முதல் தனக்கென ஒரு பந்தயப் பிரிவை வளர்த்து வந்தது. வீரருக்கு வண்டி கம்பெனியுடையது. உதிரிப் பாகங்களும் மெக்கானிக்கும் கம்பெனியைச் சேர்ந்தவை. பயணச் செலவும் ஊதியமும் கம்பெனி தருவது. இவையெல்லாம் ஈகையால் கொடுக்கப்பட்டவை அல்ல. பந்தயத்தின் ஒரு நாள், சாலையின் பல திங்களுக்கு ஈடு. எந்தப் போல்ட் தளர்கிறது, எந்தச் சங்கிலி அறுகிறது, எஞ்சின் எந்தச் சூட்டில் திணறுகிறது என்பவற்றை அங்கே விரைவில் அறியலாம். வீரர் ஒரு வகையில் பொறியாளர்களின் சோதனைக் கருவி. அந்தச் சோதனைக்காகவே அவருக்கு ஊதியம்.

இதனால் முதற் படி உறுதியாயிற்று. 1990-இல் சோழவரத்தின் இடத்தில் சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான பந்தயத் தடம் ஏற்பட்டது. 2003-இல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரிவரதனின் பெயரால் மற்றொன்று தோன்றியது. தடப் பந்தயம் ஒருபுறமிருக்க, நகரத் திடல்களில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடுகள் அமைத்து, வண்டியோடு வானில் தாவிப் பாயும் சூப்பர்கிராஸ் பந்தயங்கள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. இளைஞர் ஒருவர் உரிமம் பெற்று, புதியோர் பிரிவில் வென்று, கம்பெனியின் கண்ணில் பட்டு, தேசிய வாகையர் ஆவது இப்பொழுது இயன்ற காரியம்.

அதற்கு மேல் என்ன? இங்கேதான் இடைவெளி. இந்தியக் கம்பெனிகள் விற்றவை 100, 150 சி.சி. வண்டிகள், எனவே அவை பந்தயத்தில் ஓட்டச் செய்தவையும் அவையே. ஆசியப் பந்தயங்களிலோ 600 சி.சி. வண்டிகள் சீறிப் பாய்ந்தன. தன் நாட்டில் பத்தாண்டு வாகையராக இருந்தவர், வெளிநாட்டில் வண்டியின் எடையையே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. வயதும் குறுக்கே நின்றது. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஐந்தாறு வயதுக் குழந்தைகள் சிறு வண்டிகளில் பழகுகின்றனர். இத்தாலியின் வாலண்டினோ ரோசி 1997-இல் 125 சி.சி. உலக வாகையரானபோது அவருக்கு வயது 18. ஸ்பெயினின் மார்க் மார்க்கெஸ் 2010-இல் அப்பட்டத்தை வென்றபோது 17. நம் இளைஞர்கள் சாலை உரிமம் பெறும் வயதில் அவர்கள் உலகத்தை வென்றுவிட்டனர். சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011-இல் அந்த 125 சி.சி. உலக வரிசையில் இடம்பெற்ற முதல் இந்தியரானார். அது அருஞ்செயலே, ஆனால் அவருக்குப் பின்னால் ஏறிவர ஏணி இருக்கவில்லை.

சந்தோஷ் இந்த இடைவெளியை வேறு வழியில் தாண்டினார். 1983-இல் பிறந்த அவர், மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் பந்தயங்களில் வளர்ந்து தேசிய வாகையர் பட்டம் பெற்றவர். முப்பது வயதை நெருங்குகையில் அவர் முன் இரண்டு வழிகள் இருந்தன: உள்நாட்டில் வென்றுகொண்டே ஓய்வு பெறுவது, அல்லது வயது குறைபாடாகாத ஒரு பந்தயத்தைத் தேடுவது. ராலி என்பது அத்தகைய பந்தயம். அதில் கண்ணிமைக்கும் நேர வேகத்தைவிட நாள்தோறும் தளராத உடலும், வழி தவறாத அறிவும், வண்டியைக் காக்கும் பொறுமையும் பெரியவை. இமயத்தின் பனிக் கணவாய்களில் நடைபெறும் ‘ரெய்டு டி ஹிமாலயா’விலும், இராசஸ்தான மணலிலும் அவர் முன்னணியில் நின்றார். உள்நாட்டில் இதற்கு மேல் படி இல்லை. ஆகவே 2012 முதல் அரபு நாட்டுப் பாலைவனத்தை நாடினார். 2013-இல் அபுதாபிப் பந்தயத்தில் அவருடைய வண்டி தீப்பற்றிற்று. கழுத்தில் கடும் தீக்காயங்களோடு திரும்பினார். கம்பெனி அணியின் துணையின்றி, ஆதரவாளர்களைத் தாமே தேடிச் சென்ற வீரருக்கு அத்தகைய காயம் உடலின் துன்பம் மட்டுமன்று. அடுத்த பந்தயத்திற்குப் பணம் தருவோரின் நம்பிக்கையையும் அது சுடும்.

டாக்கார் ராலியைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது இன்றியமையாதது. தியரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் 1978-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் பாரிஸிலிருந்து புறப்பட்ட முதற் பந்தயம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள டாக்கார் நகரில் முடிந்தது. பயங்கரவாத அச்சுறுத்தலால் 2008-இல் பந்தயம் கைவிடப்பட்டது. 2009 முதல் தென் அமெரிக்காவிலும், 2020 முதல் சவூதி அரேபியாவிலும் நடைபெறலாயிற்று. பெயர் மட்டும் டாக்கார் என்றே நிலைத்துவிட்டது.

மோட்டார் சைக்கிள் வீரர் அதிலே தனியர். காரில் செல்வோருக்கு வழி சொல்ல அருகில் ஒருவர் உண்டு. இவருக்கோ கைப்பிடிக்கு மேலே பொருத்திய பெட்டிக்குள் சுருளும் ஒரு காகிதமே துணை. 2015-இல் வழிக்குறிப்பு அவ்வாறுதான் இருந்தது. எத்தனை கிலோமீட்டர் சென்றபின் எந்தத் திசையில் திரும்புவது, எங்கே பள்ளம், எங்கே வறண்ட ஆற்றுப்படுகை என்பன அதில் சிறு குறிகளாக வரையப்பட்டிருக்கும். கட்டைவிரலால் சுருளை நகர்த்தி, ஒரு கண்ணால் அதைப் படித்து, மறு கண்ணால் மணலைப் பார்த்து, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்ல வேண்டும். ஒரு குறியைத் தவறாகப் படித்தால் ஒரு மணி நேரம் போகும். ஒரு பள்ளத்தைக் காணத் தவறினால் உயிரே போகும்.

2015-ஆம் ஆண்டுப் பந்தயம் சனவரி 4-ஆம் நாள் புவெனோஸ் அய்ரெஸ் நகரில் தொடங்கி அந்நகரிலேயே 17-ஆம் நாள் முடிந்தது. அர்ஜென்டினா, சிலி, பொலிவியா ஆகிய மூன்று நாடுகள். பாலைவனத்தின் தீவெயிலும், ஆண்டீசு மலையின் குளிரும். பொலிவியாவில் உயுனி என்னுமிடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு படர்ந்த சமவெளி உண்டு. வீரர்கள் அதனைக் கடந்த நாளில் அதன்மேல் மழைநீர் தேங்கியிருந்தது. உப்புநீர் எஞ்சினிலும் மின்கம்பிகளிலும் புகுந்து பல வண்டிகளை அங்கேயே முடக்கிவிட்டது. வெற்றிபெறக்கூடிய நிலையில் இருந்த பெரிய கம்பெனி வீரரும் அதில் தப்பவில்லை. அந்தக் கட்டத்தில் இரவு மெக்கானிக்குகளின் உதவியும் கிடையாது. வீரர்தாமே வண்டியைச் செப்பனிட வேண்டும். சந்தோஷ் தம் 450 சி.சி. கே.டி.எம். வண்டியோடு அதனைக் கடந்தார். இறுதியில் 36-ஆம் இடம்.

முப்பத்தாறாம் இடம் ஒரு பெருமையா என்று கேட்போர் இருப்பர். முதலிடத்தையே எண்ணிப் பழகிய நமக்கு அக்கேள்வி இயல்பானது. புறப்பட்ட மோட்டார் சைக்கிள் வீரர்களுள் ஏறத்தாழப் பாதியளவினரே ஊர் திரும்பும் வரை வண்டியில் இருந்தனர் என்பதையும், போலந்து நாட்டு வீரர் ஒருவர் மூன்றாம் நாளிலேயே உயிர் துறந்தார் என்பதையும் எண்ணிப் பார்த்தால் போதும். மேலும், அவருக்கு முன் அப்பாதையில் சென்ற இந்தியர் எவரும் இல்லை. கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லை. என் கருத்தில், அதன்பின் வந்த எந்த இந்திய வெற்றியைக் காட்டிலும் அந்த 36-ஆம் இடமே அரியது.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 2016-இல் அவர் சென்ற இரண்டாம் பந்தயம் பாதியிலேயே முடிந்துவிட்டது; ஆனால் அவ்வாண்டிலேயே ஹீரோ நிறுவனம் ஜெர்மானியப் பொறியாளர்களின் துணையோடு ஒரு ராலி அணியை அமைத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. பணம் திரட்டி ஓடியவர் ஊதியம் பெறும் வீரரானார். 2017-இல் 47-ஆம் இடம். 2018-இல் 34-ஆம் இடம். டி.வி.எஸ். நிறுவனமும் பிரெஞ்சு ஷெர்கோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டாக்காரில் இறங்கியது. அதன் வாயிலாக உடுப்பியைச் சேர்ந்த கே. பி. அரவிந்த் 2017-இல் முதன்முறை சென்று, விழுந்து, மீண்டும் முயன்று 2019-இல் 37-ஆம் இடத்தில் முடித்தார்.

விலையையும் சொல்ல வேண்டும். 2019-இல் சந்தோஷ் விழுந்து விலகினார். 2020 சனவரி 12-ஆம் நாள் அவருடைய அணித் தோழரான போர்ச்சுகல் நாட்டுப் பாவ்லோ கொன்சால்வெஸ் பந்தயத்தில் மாண்டார். அவருக்கு வயது 40. டாக்காரில் ஒருமுறை இரண்டாம் இடம் பெற்றவர். அத்துறையில் மிகுந்த பட்டறிவுடையவர். ஹீரோ அணி முழுவதும் அத்தோடு பந்தயத்தை விட்டு விலகிற்று. அடுத்த ஆண்டு, 2021 சனவரி 6-ஆம் நாள், ரியாத் நகரை நோக்கிய நான்காம் கட்டத்தில் சந்தோஷே வீழ்ந்தார். தலையில் அடி, தோள் மூட்டு விலகிற்று. ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, மருந்தினால் ஆழ்ந்த மயக்கத்தில் சில நாட்கள் வைக்கப்பட்டார். பின்னர் பெங்களூர் திரும்பி, மெல்ல மெல்லத் தேறினார்.

பெண்களின் கதையும் இதற்கு வேறானதன்று. பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018-இல் ஸ்பெயினில் நடந்த பந்தயத்தில் விழுந்து கணையம் சிதைந்தது. எழுந்து வந்து, 2019-இல் பாஹா எனப்படும் குறும்பாலைவனப் பந்தயங்களின் உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றார். கேரளத்து ஷொரனூரின் ஹரித் நோவா சூப்பர்கிராஸிலிருந்து ராலிக்கு வந்தவர். 2021 டாக்காரில் 20-ஆம் இடமும், 2024-இல் மொத்தத்தில் 11-ஆம் இடமும் பெற்றார். அவ்வாண்டு ‘ராலி 2’ என்னும் பிரிவில் முதலிடமும் அவருக்கே. அதே 2024-இல், போட்ஸ்வானா நாட்டு ராஸ் பிராஞ்ச் ஹீரோ வண்டியில் மொத்தத்தில் இரண்டாம் இடம் பெற்றார். சந்தோஷ் தனியே சென்று வந்தது இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான்.

கோலார் களத்திற்கு மீண்டும் வருவோம். டாக்காரில் ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே சந்தோஷ் அதனை அமைத்துவிட்டார் என்பது கருதத்தக்கது. வீழ்ந்த பின் பிழைப்புக்காகத் தேடிய வேலை அன்று அது. இருபது வயதில் தமக்குச் சொல்லித்தர ஆளில்லாமற் போனவற்றையே அங்குக் கற்பிக்கின்றனர். வண்டியின் மேல் அமராமல் கால்தாங்கியில் எழுந்து நின்று ஓட்டுவது. உடலின் எடையை முன்னும் பின்னும் மாற்றிச் சக்கரத்துக்குப் பிடிப்பு உண்டாக்குவது. கிளட்சை ஒரு விரலால் அளந்து விடுவது. சரளை மண்ணில் முன் பிரேக்கை அஞ்சாமல் பிடிப்பது. விழுந்த வண்டியை முதுகு ஒடியாமல் தூக்கி நிறுத்துவது. காண்போர்க்கு இவை சிறியவை. உயுனியின் உப்புநீரிலும் அரபு மணலிலும் ஒரு வீரரை நிறுத்திவைப்பவை இவையே. வருவோருள் பெரும்பாலோர் பந்தயத்தையே நினைப்பவரல்லர். விடுமுறையில் மலைச்சாலை செல்லும் உத்தியோகத்தர்கள். அவர்கள் செலுத்தும் கட்டணமும் களத்தை நடத்த உதவுகிறது. சோழவரத்தில் எவருக்கும் தோன்றாத வழி இது.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனே, அகமதாபாத், பெங்களூர் ஆகிய நகரங்களில் இந்திய சூப்பர்கிராஸ் லீக் என்ற பெயரில் புதிய பந்தய வரிசை ஒன்று நடைபெற்றது. அணி முதலாளிகள் வீரர்களை ஏலமுறையில் தேர்ந்தெடுத்தனர். வெளிநாட்டு வீரர்களும் இந்திய இளைஞர்களும் ஒரே அணியில் ஓடினர். அந்த அணிகளுள் ஒன்று, கோலார் மாவட்டத்துப் பெரும்பாறையின் பெயரைத் தாங்கி வந்தது.